குஸ்தார் வகை வினைகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

> ஸ்பானிய இலக்கணச் சொற்பட்டியலில் ‘குஸ்தார்’ (பிடித்தல்) போன்ற வினைகளுக்குத் ‘தலைகீழ் வினை’ என்று போடலாமா? ஆங்கிலவழிப் பாடங்களில் அப்படிச் சொல்வதுண்டு.

வணக்கம் ஐயா,

இந்தப் பெயர் மட்டும் வேண்டாம். ஆங்கிலம் பேசுபவருக்குத்தான் இது தலைகீழ். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பதில் காப்பி எழுவாயாகிவிடுவது அவருக்குப் புதிது. நாமோ ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள். நேராக இருப்பதைத் தலைகீழ் என்று சொல்லிக்கொடுத்தால், நம் பிள்ளைகள் ஆங்கிலம் வழியே சுற்றிப் போய், ‘நான்’ என்பதை எழுவாயாக்கி ‘யோ குஸ்தோ’ என்று தவறாகச் சொல்கிறார்கள். நான் பாடம் சொன்ன பலர் இதே இடத்தில்தான் இடறினார்கள்.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்னும்போது நாம் ‘ஐ’ உருபு சேர்க்கிறோம், வினை அசைவதில்லை. ஸ்பானியத்தில் ‘நீ’ எழுவாய், ஆகவே வினை முன்னிலை விகுதி பெற்று ‘மே குஸ்தாஸ்’ ஆகிறது. அதனால் ‘பிடிக்கும்’ முழுப் பொருத்தம் இல்லை. முழுப் பொருத்தம் வலியில் இருக்கிறது:

எனக்குத் தலை வலிக்கிறது – மே துவேலே லா கபேஸா
எனக்குக் கால்கள் வலிக்கின்றன – மே துவேலென் லாஸ் பியெர்னாஸ்

தலை ஒன்று, கால்கள் பல. இரண்டு மொழியிலும் வினை அதற்கேற்ப மாறுகிறது. ‘துவேலென்’னில் வரும் அந்த ‘ன்’தான் நம் ‘-கின்றன’. பாடத்தை ‘குஸ்தார்’ விட்டு ‘தொலேர்’ (வலித்தல்) கொண்டு தொடங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பெயருக்கு வருகிறேன். ‘எனக்கு’ போன்ற கு-உருபுச் சொல்லையே எழுவாயாகக் கொண்டு ‘நான்காம் வேற்றுமை எழுவாய்’ என்று தமிழுக்குச் சொல்வதை இங்கே ஒட்டவைக்க முடியாது. ஸ்பானியத்தில் ‘மே’ (எனக்கு) எழுவாயே அல்ல. என் பரிந்துரை: உறுவினை. அதை உணர்பவர் உறுநர். நோயுற்றேன், மகிழ்வுற்றேன் என்பதில் உள்ள அதே ‘உறு’. விருப்பமும் வலியும் நாம் செய்பவை அல்ல, நமக்கு உறுபவை.

> உறுவினை என்றால் ஊழ்வினை நினைவு வராதா? ‘எனக்கு-வினை’ எளிது.

வகுப்பில் ‘எனக்கு-வினை’ என்றே சொல்லலாம், நல்ல சொல். ஆனால் எனக்கு, உனக்கு என்பன போன்ற மே, தே, லே, நோஸ், ஓஸ், லெஸ் ஆறையும் தழுவ வேண்டுமே. ‘லே’ ஒன்றே அவனுக்கு, அவளுக்கு, மரியாதையான உங்களுக்கு என மூன்றுக்கும் வரும். பட்டியலில் உறுவினை இருக்கட்டும், அடைப்புக்குள் ‘எனக்கு-வினை’ சேர்ப்போம்.

விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ‘எனக்குப் பசிக்கிறது’ இந்த வகையில் சேராது. அங்கே ‘தெங்கோ ஆம்ப்ரே’, அதாவது ‘பசி கொண்டிருக்கிறேன்’. தாகம், குளிர், தூக்கம் எல்லாம் அப்படியே. எனக்கு, எனக்கு என்றே பழகிய நாக்கு அங்கேதான் தவறும்.