சம்டர் கோட்டைச் செங்கல்லில் ஒரு விரல் தடம்

அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து படகில் அரை மணி நேரம் போனால் சம்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12 விடியற்காலை நாலரை மணிக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய இடம். போன வருடம் குடும்பத்தோடு போயிருந்தோம். பூங்கா ஊழியர் ஒருவர் என் மகளைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு செங்கல்லைக் காட்டினார். அதில் விரல் தடம். ஈரம் காயாத களிமண்ணைத் தூக்கிய அடிமை ஒருவருடையது. அந்தப் பக்கத்துச் சூளைகளில் செங்கல் அறுத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள்தான் என்றார். மகள் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

திரும்பும் படகில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "இந்தப் போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை தம்பி, மாநில உரிமைக்காக" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரவு அறைக்கு வந்து, 1860 டிசம்பரில் தெற்குக் கரோலினா அமெரிக்காவிலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படித்தேன். வட மாநிலங்கள் தாங்களாகச் சட்டம் போட்டுக்கொண்டு, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தர மறுக்கின்றன என்பதுதான் அதில் பெரிய புகாரே. நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிக்கொண்டு போகக்கூட விடவில்லையாம். அப்படியென்றால் வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியதுதானே அவர்களுக்குக் குற்றமாகப் பட்டிருக்கிறது! அதேபோலப் பிரிந்த மிசிசிப்பி மாநிலத்தின் அறிக்கை இன்னும் பச்சை. தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பின்னிப்பிணைந்தது என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார்கள். இதை அந்தப் பெரியவரிடம் காட்ட முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது.

—

தப்பியோடியவர்களைத் திருப்பித் தர வடக்கு மறுத்ததாகச் சொன்னீர்களே, அதற்குப் பின்னால் தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தப்பி வந்தவர் என்று ஒருவரைப் பிடித்து வந்தால், எஜமானரிடம் அனுப்பிவைக்கும் அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்லவே முடியாது. அடிமை முறையைத் தெற்கின் விவகாரம் என்று நினைத்திருந்த பாஸ்டன் மக்கள், 1854இல் அப்படித் தப்பி வந்து பிடிபட்ட ஆந்தனி பர்ன்ஸ் என்பவரைத் தங்கள் தெரு வழியாகவே படைக்காவலோடு கப்பலுக்குக் கொண்டுபோனதைப் பார்த்தார்கள். அதே வருடம் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்து, அடிமை முறை எதுவரை பரவலாம் என்று 1820இல் போட்ட எல்லைக்கோட்டையும் அழித்தது. கன்சாஸில் குடியேறியவர்கள் அடிமை முறை வேண்டும், வேண்டாம் என்று ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

எனக்கு செயின்ட் லூயிஸில் வேலை. அங்கே, அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் என்பவரின் கல்லறைக்குப் போயிருக்கிறேன். அடிமை முறை இல்லாத இடங்களில் வாழ்ந்ததால் தங்களுக்கு விடுதலை உண்டு என்று 1846இல் அவரும் மனைவி ஹாரியட்டும் வழக்குப் போட்டார்கள். 11 வருடம் இழுத்தது. கறுப்பினத்தவர் இந்த நாட்டின் குடிமக்களே ஆக முடியாது, புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அதிகாரமும் இல்லை என்று 1857இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் பேசித் தீர்க்க என்ன மிச்சம்? பிறகு அதிபரான லிங்கனின் குடியரசுக் கட்சி பிறந்ததே அந்தப் பரவலைத் தடுக்கத்தான். தீர்ப்பு வந்த சில மாதங்களில் வேறொருவர் மூலம் ஸ்காட்டுக்கு விடுதலை கிடைத்தது. அடுத்த வருடமே இறந்துபோனார். கல்லறை மேல் லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் காசுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நானும் ஒன்று வைத்தேன்.

—

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கும் ஒரு முறை போய் வாருங்கள். இரண்டு ஆறுகள் கூடும் சின்ன ஊர். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து எழுப்பலாம் என்று 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் அங்கிருந்த ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். அந்தத் தாக்குதலில் முதலில் செத்தது ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய ஹேவர்ட் ஷெப்பர்ட். அவர் அடிமையாக இல்லாத ஒரு கறுப்பினத்தவர். அதைப் படித்துவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டிசம்பரில் பிரவுனைத் தூக்கிலிட்டார்கள். அவரைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் உள்நாட்டுப் போரில் தெற்கின் தளபதியான ராபர்ட் லீ. அப்போது அவர் அமெரிக்க ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல்.