பழைய டியூப் ஆம்ப்: ஸ்டாண்ட்பை சுவிட்ச், கிரவுண்ட் சுவிட்ச் பற்றி உதவி வேண்டும்

நண்பர்களே, என்னிடம் 1960-களில் வந்த ஒரு கிட்டார் டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலி சிக்னலைப் பெருக்கும் கருவி) இருக்கிறது. கொஞ்ச நாளாக ஸ்டாண்ட்பை சுவிட்சை (டியூப்கள் சூடாகும் வரை ஹை வோல்டேஜை நிறுத்தி வைப்பது) போட்டால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று பெரிய சத்தம், சில சமயம் இரண்டு மூன்று தடவை தட்டினால்தான் ஒலியே வருகிறது. பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெபாசிட்டர்களை (மின்னூட்டத்தைத் தேக்கி டிசியைச் சீராக்குபவை) ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன் (இதைச் சொல்லாவிட்டால் முதல் பதிலே திட்டாகத்தான் வரும்).

சுவிட்சில் 250 வோல்ட் ஏசி, 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது துண்டிப்பதோ சுமார் 420 வோல்ட் டிசி. ஏசி என்றால் பூஜ்யத்தைக் கடக்கும்போது பொறி அணைந்துவிடும், டிசியில் அப்படி அணையாது, அதனால்தான் காண்டாக்ட் கருகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதே மாதிரி இன்னொன்றை மாட்டி, குறுக்கே 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டால் கெபாசிட்டர்கள் மெதுவாக முன்கூட்டியே சார்ஜ் ஆகி சத்தம் குறையுமா? இல்லை, ஸ்டாண்ட்பையையே நிரந்தரமாக ஷார்ட் செய்துவிடலாமா? ரெக்டிஃபையரும் (ஏசியை டிசியாக்கும் பாகம்) டியூப்தான், ஹை வோல்டேஜ் எப்படியும் மெதுவாகத்தானே ஏறும்.

அப்புறம் பின்பக்கத்து கிரவுண்ட் சுவிட்ச் (இரண்டு கம்பி கார்டு காலத்தில், இரைச்சலைக் குறைக்க சேஸிஸை ஒரு கெபாசிட்டர் வழியாக மெயின்ஸ் கம்பி ஒன்றோடு இணைத்தது). மூன்று கம்பி பவர் கார்டு மாற்றி, அந்த ஆபத்தான 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டேன், சுவிட்ச் சும்மா இருக்கிறது. அதை நெகட்டிவ் ஃபீட்பேக்கை (வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே கொடுத்து ஒலியைச் சீராக்கும் இணைப்பு) துண்டிக்கப் பயன்படுத்த ஆசை. மெயின்ஸ் வயருக்குப் பக்கத்தில் அந்த லைனை இழுத்தால் ஹம் (மெயின்ஸ் உறுமல் சத்தம்) வருமா? சேஸிஸில் புது ஓட்டை போட மனசில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.