பெரிய புராஜெக்டை மொத்தமாக ஃபார்மட் செய்யும்போது கமெண்டுகளையும் சேர்த்துச் சுத்தம் செய்யலாமா?

வைகைக்கரை:
எங்கள் டீமிடம் பழைய பைத்தான் புராஜெக்ட் ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கான வரிகள், ஃபைலுக்கு ஒரு ஸ்டைல். ரிவியூவில் பாதி நேரம் ஸ்பேஸுக்கும் கமாவுக்குமே போய்விடுகிறது. பைத்தான் கோடைத் தானாக ஒரே ஸ்டைலுக்கு மாற்றும் பிளாக் (Black) டூலைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் ஃபார்மட் செய்யலாம், அப்படியே கமெண்ட் போட்டு மூடி வைத்த பழைய கோடையும் ஸ்கிரிப்ட் வைத்து நீக்கிவிடலாம் என்கிறார் மேனேஜர். எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் எல்லா வரியும் என் பெயரில் வந்து நிற்குமே? தனியாக வேலை நடந்து, இன்னும் மெயின் கோடில் மெர்ஜ் ஆகாத (சேராத) பிராஞ்சுகள் என்ன ஆகும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
பிளேம் கவலையை விடுங்கள். 2019-ல் வந்த கிட் 2.23-லிருந்து, குறிப்பிட்ட கமிட்டுகளை (பதிவு செய்த மாற்றங்களை) தாண்டிப் பார்க்கச் சொல்லும் வசதி இருக்கிறது. ஃபார்மட் கமிட்டின் முழு ஹேஷை (அதன் அடையாள எண்ணை) ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலைப் பார்க்கும்படி பிளேமுக்குச் சொன்னால் போதும். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க் 2022 பிப்ரவரியில் பிளாக்குக்கு மாறியபோதும் இப்படித்தான் செய்தார்கள். பல கமிட்டுகளை ஒன்றாக்கிச் சேர்க்கும் ஸ்குவாஷ் மெர்ஜ் செய்தால் ஹேஷ் மாறிவிடும், ஆகவே மெர்ஜ் ஆன பிறகு அந்த ஹேஷை எழுதுங்கள்.

நூற்கண்டு:
ஃபார்மட் செய்யுங்கள், தாராளமாக. ஆனால் கமெண்ட் நீக்கும் வேலையை அதே கமிட்டில் சேர்க்க ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

பிளாக் ஒரு ஃபைலை மாற்றியதும், முன்னும் பின்னும் உள்ள சின்டாக்ஸ் ட்ரீயை (கோடின் இலக்கண அமைப்பை) ஒப்பிட்டுப் பார்க்கிறது. புரோகிராமின் பொருள் மாறவில்லை என்று அதனால் சொல்ல முடிகிறது. அந்த ட்ரீயில் கமெண்டுகள் கிடையாது. கமெண்ட் இடம் மாறினாலோ காணாமல் போனாலோ அந்தச் சோதனைக்குத் தெரியாது. ஆயிரம் ஃபைல் மாறியிருக்கும் டிஃப்பில் ரிவியூ செய்பவர் கண்ணிலும் படாது.

வெறும் ஃபார்மட்டிலேயே இதைப் பார்க்கலாம். நீளமான ஒரு ஃபங்ஷன் கால், வரியின் கடைசியில் லின்ட்டரை (கோடில் தவறு தேடி எச்சரிக்கும் டூலை) அடக்கும் 'நோக்வா' (noqa) கமெண்ட். பிளாக் அந்த வரியை மூன்றாக உடைத்து, கமெண்டை மூடும் அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் வைக்கிறது. அடக்க வேண்டிய ஆர்க்யுமென்ட் நடு வரியில் நிற்கிறது. அப்புறம் பழைய எச்சரிக்கை திரும்ப வந்து சிஐ (தானியங்கிச் சோதனை) சிவப்பாகிறது. அதனால் ஃபார்மட் ஆனவுடன் லின்ட்டரை ஓட்டி, இந்தத் திருத்தங்களைத் தனி கமிட்டாகப் போடுங்கள்.

மூடி வைத்த கோடைக் கண்டுபிடிக்க எராடிகேட் என்ற டூல் இருக்கிறது, ரஃப் என்ற லின்ட்டரிலும் அதே விதி உண்டு. அவை காட்டுவதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள், தானாக நீக்க விடாதீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் கோடில் 'ரீட்ரைஸ் = 5' (ஐந்து முறை மறுமுயற்சி) என்று மூடிய வரி ஒன்று, அதன் கீழே 'இப்படி வைத்தால் எதிர்ப்பக்க சர்வர் இணைப்பைத் துண்டிக்கிறது' என்று ஒரு கமெண்ட். மேல் வரியை டூல் குப்பை என்கிறது. அதை எடுத்துவிட்டால் கீழ் வரி எதைப் பற்றியது என்று யாருக்குத் தெரியும்? அந்த மாட்யூலில் வேலை செய்பவர் மாட்யூல் மாட்யூலாகப் பார்த்து நீக்கட்டும். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

பிராஞ்சுகளுக்கு வழி இது: ஃபார்மட் கமிட்டுக்குச் சற்று முன்பு வரை மெயினை உங்கள் பிராஞ்சில் மெர்ஜ் செய்யுங்கள். அதே வெர்ஷன் பிளாக்கை பிராஞ்சில் ஓட்டி கமிட் செய்யுங்கள். பிறகு ஃபார்மட் கமிட்டை 'அவர்ஸ்' ஸ்ட்ராட்டஜியில் (உங்கள் பிராஞ்சில் இருப்பதையே வைத்துக்கொள்ளும் முறையில்) மெர்ஜ் செய்தால் மோதல் வராது. வெர்ஷனைப் பூட்டி வையுங்கள், பிளாக்கின் ஸ்டைல் ஆண்டுக்கு ஒருமுறை மாறலாம்.

பழையபூட்டு:
வாடிக்கையாளருக்குக் கொடுத்த பழைய ரிலீஸ்களையும் பராமரிக்கிறீர்களா? அப்படியானால் ஃபார்மட் ஆன மெயினில் போடும் திருத்தம் அங்கே ஒட்டாது. அந்த பிராஞ்சுகளையும் ஃபார்மட் செய்ய வேண்டும். லினக்ஸ் கெர்னலில் 2018 முதல் கிளாங்-ஃபார்மட் (சி கோடுக்கான ஃபார்மட் டூல்) செட்டிங் ஃபைல் இருக்கிறது, ஆனாலும் பழைய கோடை மொத்தமாக அதில் போட்டு எடுப்பதில்லை.

வைகைக்கரை:
நன்றி. இரண்டு பழைய ரிலீஸ் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துவிடுகிறேன். நூற்கண்டு அக்கா, 'டு-டூ'க்களை (பிறகு செய்ய வேண்டியது என்று எழுதி வைத்த கமெண்டுகளை) மட்டுமாவது ஸ்கிரிப்டில் நீக்கலாமா?

நூற்கண்டு:
வேண்டாம். அவற்றை கிரெப் செய்து (தேடி எடுத்து), பிளேமில் ஆண்டு பார்த்து, இன்னும் தேவையானதை டிக்கெட்டாகப் போட்டுவிட்டு நீக்குங்கள். எழுதியவர் டீமில் இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்.