ஜெனித்-இ கேமராவில் ஹீலியோஸ் 44-2: தூரத்துக் காட்சி தெளியவில்லை, குறை எங்கே?

கருவிழி எழுதியது:

அப்பா பயன்படுத்திய ஜெனித்-இ என்ற சோவியத் ஃபிலிம் கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. முகப்பில் மாஸ்கோ ஒலிம்பிக்ஸின் வளையங்கள் பொறித்திருப்பதால் 1980ஐ ஒட்டித் தயாரானதாக இருக்க வேண்டும். உடன் வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸின் வரிசை எண்ணும் 79 என்றே தொடங்குகிறது. பல ஆண்டுகள் பீரோவில் கிடந்ததில் ஃபோகஸ் வளையம் இறுகிப்போய், இரண்டு கைகளாலும் திருக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. சென்ற ஆண்டு ஒரு பழுதுபார்ப்புக் கடையில் கொடுத்துப் பழைய கிரீஸை அகற்றிப் புதியது போட்டு வாங்கினேன். வளையம் இப்போது ஒற்றை விரலுக்கே சுழல்கிறது. ஆனால், முடிவிலிக் குறியில் (மிகத் தொலைவுக்கான ∞) வைத்து எடுத்த கோபுரமும் மலையும் படத்தில் மங்கலாகவே விழுகின்றன. அதே ரோலில் அருகிலிருந்து எடுத்த முகங்களோ இமை மயிர் வரை தெளிவாக இருக்கின்றன. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் லென்ஸுக்குள் மெல்லிய பால்நிறப் படலமும், ஒளி புகும் துளையைச் சுருக்கும் இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பும் தெரிகின்றன. காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கேமராவின் உள்கண்ணாடி நகர்ந்திருக்கலாம் என்கிறார் கடைக்காரர். எதை நம்புவது?

இருட்டறை எழுதியது:

முதலில் படலத்தையும் எண்ணெயையும் இந்த வழக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். படலம் படத்தை வெளுக்கச் செய்யுமே தவிர, தூரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மங்கலாக்காது. அருகில் தெளிவு, தொலைவில் மங்கல் என்றால், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம்தான் பிசகியிருக்கிறது.

அந்தப் பிசகு லென்ஸிலா கேமராவிலா என்பதை ஒரு துண்டு டேப் சொல்லிவிடும். ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் படியும் உள் தண்டவாளங்கள் இரண்டின் மீதும், எழுதினால் எழுத்துப் பதியும் மங்கல் வகை டேப்பைத் தொய்வில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். வெளிப்புறத் தண்டவாளங்கள் அழுத்தத் தகட்டுக்கானவை. அவற்றின் மேல் ஒட்டினால் சோதனையே தவறிவிடும். துளையை 2இல் முழுதாகத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் திறந்த நிலையிலேயே பூட்டிவிட்டு, அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கைபேசிக் கோபுரம் ஒன்றை நோக்கி, டேப்பில் தலைகீழாக விழும் பிம்பத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். டேப்பில் தெளிவாகவும் வியூஃபைண்டரில் மங்கலாகவும் இருந்தால் கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் உங்கள் ஃபிலிமே மங்கலாக இருப்பதால், உள்கண்ணாடியின் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஃபிலிமில் ஒளி விழும்போது அந்தக் கண்ணாடி மேலே எழுந்து வழிவிட்டிருக்கும்.

வளையம் முடிவிலியில் முட்டி நிற்கும்போது எவ்வளவு தூரத்துப் பொருள் மிகத் தெளிவாக இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். நோய் எவ்வளவு என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

வெள்ளிப்படிவம் எழுதியது:

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மாட்டும் இடத்தில் பழைய ஜெனித்களுக்கு 39 மி.மீ. மரையும், பிந்தையவற்றுக்கு 42 மி.மீ. மரையும் உண்டு. 39 மரை லென்ஸை மாற்று வளையம் போட்டு 42 மரைக் கேமராவில் ஏற்றினால், முந்தையதன் இருக்கைத் தூரம் (லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம்) 45.2 மி.மீ., பிந்தையது 45.46 என்பதால், லென்ஸ் கால் மில்லிமீட்டர் முன்னால் உட்கார்ந்து முடிவிலியைத் தொடாது. ஃபெட், ஸோர்க்கி என்ற, உள்கண்ணாடி இல்லாத சோவியத் கேமராக்களின் 39 மரை லென்ஸ்கள் வேறு கதை. அவற்றின் இருக்கைத் தூரம் 28.8 மட்டுமே. சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று அந்த வகை லென்ஸான ஜூபிட்டர்-8 ஒன்றை வாங்கி ஜெனித்தில் மாட்டி, எறும்பைத் தவிர எதையும் படமெடுக்க முடியாமல் திரும்பி வந்தவன் நான்.

கருவிழி எழுதியது:

மாற்று வளையம் ஏதும் இல்லை. லென்ஸ் நேராகவே 42 மரையில் ஏறுகிறது. டேப் சோதனையைச் செய்தேன். கோபுரம் டேப்பிலும் வியூஃபைண்டரிலும் ஒரே அளவில் மங்கல். வளையம் முடிவிலியில் முட்டும்போது, எதிர்வீட்டு இரும்புக் கதவு கம்பி கம்பியாகத் தெரிகிறது. அளந்ததில் 11 மீட்டர்.

இருட்டறை எழுதியது:

கேமரா குற்றமற்றது. லென்ஸின் குவிய நீளம் 58 மி.மீ.; அதைத் தன்னாலேயே பெருக்கினால் 3364; அதை 11,000 மி.மீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 0.3. அதாவது லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 0.3 மி.மீ. முன்னால் நின்றுவிடுகிறது.

இந்தச் சிறிய எண் நல்ல செய்தி. ஃபோகஸ் மரை பல வாய்கள் (ஏற்றத் தொடங்கும் இடங்கள்) கொண்டது. கிரீஸ் மாற்றக் கழற்றும்போது, இரு பாகங்களும் பிரியும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைக்காமல் வேறு வாயில் ஏற்றிவிட்டால் பிழை மில்லிமீட்டர் கணக்கில் வரும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே 3.4 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. உங்களுக்கு 11 மீட்டர் வரை தெளிகிறது என்றால் மரை சரியான வாயில்தான் ஏறியிருக்கிறது; வெளி வளையத்தை மட்டும் சற்றே தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். மரை மேலும் உள்ளே போக இடமிருந்தும், வளையத்தின் முட்டு முன்னதாகவே தடுத்துவிடுகிறது.

ஃபோகஸ் வளையத்தைச் சுற்றியுள்ள மூன்று சின்னத் திருகுகளைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம், தரையில் விழுந்தால் கிடைக்காது. அரக்குப் பூசியிருந்தால் ஊசி முனையில் ஒரு துளி அசிட்டோன் வையுங்கள். மீண்டும் டேப் ஒட்டி, கோபுரம் தெளியும் வரை உள்மரையைத் திருகி லென்ஸை உள்ளே செலுத்துங்கள். அது அசையாமல் பிடித்துக்கொண்டு, வளையத்தை மட்டும் முடிவிலி முட்டுக்குக் கொண்டுவந்து ஒரு திருகை மட்டும் இறுக்கி, மறுபடி பார்த்துத் திருப்தியான பிறகே மற்ற இரண்டையும் இறுக்க வேண்டும்.

இதழ்களில் எண்ணெய் இருப்பதைப் பற்றி: 44-2இல் துளையை நாமே கையால் மூடுகிறோம், சுருள்வில் எதுவும் இழுப்பதில்லை; ஆகவே தாமதம், ஒட்டல் என்ற தொல்லை இல்லை. படமெடுக்கும் நொடியில் துளை தானாக மூடும் 44எம் என்றால் உடனே துடைக்கச் சொல்லியிருப்பேன், அதில் இதழ் தாமதித்தால் படத்தில் ஒளி கூடிவிடும். ஆனால் அந்த எண்ணெயின் ஆவிதான் கண்ணாடியில் படலமாகப் படிகிறது. சாய்வாக டார்ச் அடித்து, படலம் சீராக இருக்கிறதா, சிலந்தி நூல்போல் கிளை விடுகிறதா என்று பாருங்கள். சீராக இருந்தால் துடைத்தால் போய்விடும். கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. துடைத்த பிறகும் கண்ணாடியில் அரித்த தடம் நிற்கலாம். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியுள்ளன. அதை வீட்டில் தொடாதீர்கள்.

கருவிழி எழுதியது:

ஒரு திருகின் தலை ஏற்கெனவே சிதைந்திருந்ததால், அதைத் தளர்த்தவே அரைமணி நேரம் பிடித்தது. மற்றவை நீங்கள் சொன்னபடியே நடந்தன. வளையம் ஓர் அரிசி நீளம்கூட நகரவில்லை. கோபுரத்தின் குறுக்குக் கம்பிகள் டேப்பில் தனித்தனியாக விழுகின்றன. எதிர்வீட்டுக் கதவு தெளிய, வளையத்தை இப்போது முடிவிலியிலிருந்து சற்றே பின்னுக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. படலம் சீராகத்தான் இருக்கிறது, கிளைகள் இல்லை. பின்வளையத்தைத் திறக்கும் சாவி கிடைத்த பிறகு அதில் கைவைக்கிறேன்.