உதவி: டெராஃபார்மில் கிளவுட்ஃபிரன்ட் – பாலிசி சரியாக இருந்தும் ஆக்ஸஸ் டினைடு

கேட்டவர்:

வணக்கம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பழைய வினாத்தாள்களைப் பிடிஎஃப்பாகத் தொகுத்து ஒரு சின்னத் தளம் கட்டிக்கொண்டிருக்கிறோம். பொதுத்தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலும் போனில், மொபைல் டேட்டாவில்தான் பார்ப்பார்கள் என்பதால் வேகம் ரொம்ப முக்கியம். ஹ்யூகோவில் (தளத்தின் பக்கங்களை உருவாக்கும் கருவி) பில்ட் செய்த ஃபைல்கள் அமேசானின் மும்பை ரீஜனில் ஒரு எஸ்3 பக்கெட்டில் (ஃபைல் சேமிப்பிடம்) இருக்கின்றன, அதற்கு முன்னால் கிளவுட்ஃபிரன்ட் (பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து ஃபைலைத் தரும் அமேசான் சேவை). எல்லாமே டெராஃபார்ம்தான் (கோடு எழுதி இவற்றை உருவாக்கும் கருவி), கன்சோலில் கையால் எதையும் தொடவில்லை.

பக்கெட் பிரைவேட். ஒஏசி (கிளவுட்ஃபிரன்ட் தன் கையெழுத்தோடு பக்கெட்டைக் கேட்கும் ஏற்பாடு) போட்டிருக்கிறேன்: ஒரிஜின் (ஃபைலை எடுக்கும் இடம்) டைப் எஸ்3, சைனிங் பிஹேவியர் ஆல்வேஸ், புரோட்டோகால் சிக்வி4. பக்கெட் பாலிசியில் கிளவுட்ஃபிரன்ட் சர்வீஸ் பிரின்சிபலுக்கு கெட்ஆப்ஜெக்ட் அனுமதி, கண்டிஷனில் டிஸ்ட்ரிபியூஷனின் (நாங்கள் உருவாக்கிய கிளவுட்ஃபிரன்ட் அமைப்பின்) ஏஆர்என், அதாவது அதன் முழு அடையாளப் பெயர். அப்ளை எந்த எரரும் இல்லாமல் முடிகிறது. ஆனால் கிளவுட்ஃபிரன்ட் கொடுத்த முகவரியைத் திறந்தால் ஆக்ஸஸ் டினைடு என்று ஒரு எக்ஸ்எம்எல் பக்கம் வருகிறது. பாலிசியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், அதே கதைதான்.

எனக்குப் புரியாத விஷயம், இதே மாட்யூலை (டெராஃபார்ம் கோடுத் தொகுப்பை) வைத்துப் போன மாதம் எழுப்பிய ஸ்டேஜிங் (சோதனைத் தளம்) நன்றாக ஓடுகிறது. பெயர் மட்டும்தான் வேறு.

பதில் 1:

எஸ்3 வெப்சைட் ஹோஸ்டிங்கை ஆன் செய்து, பக்கெட்டைப் பப்ளிக் ஆக்கிவிடுங்கள். வினாத்தாள்தானே, ரகசியம் ஒன்றும் இல்லை. வெப்சைட் எண்ட்பாயின்டை ஒரிஜினாகக் கொடுத்தால் இந்தத் தொல்லையே வராது.

பதில் 2:

தயவுசெய்து அதற்குள் போகாதீர்கள். வெப்சைட் எண்ட்பாயின்டில் ஒஏசி வேலை செய்யாது, எச்டிடிபிஎஸ்ஸும் கிடையாது. கிளவுட்ஃபிரன்டுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே எல்லாம் வெறும் எச்டிடிபியில் போகும். 2023 ஏப்ரலிலிருந்து புதிய பக்கெட்டுகளில் பிளாக் பப்ளிக் ஆக்ஸஸ் தானாகவே ஆன் ஆகித்தான் வருகிறது, அதை உடைக்க நாலு ரிசோர்ஸ் கூடுதலாக எழுத வேண்டிவரும். கடைசியில் உண்மையான காரணம் என்ன என்பதும் தெரியாமலே போய்விடும்.

உங்கள் பாலிசி, நீங்கள் சொன்னபடியே இருந்தால், சரிதான். அதனால் பெர்மிஷனைத் தொடுவதற்கு முன்னால் "முடியாது" என்று சொன்னது யார் என்று பாருங்கள். எரர் பக்கம் வந்ததும் பிரவுசரின் முகவரிப் பட்டையைக் கவனியுங்கள், கிளவுட்ஃபிரன்ட் முகவரியே இருக்கிறதா, இல்லை வேறு எதற்காவது மாறிவிட்டதா? அப்புறம் கர்ல் கமாண்டில் (முகவரியைக் கேட்டுப் பதிலைக் காட்டும் கருவி) மைனஸ் பெரிய ஐ போட்டு அதே முகவரியைக் கேட்டு, வருகிற ஹெட்டர்களை இங்கே போடுங்கள்.

கேட்டவர்:

நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், முகவரி மாறுகிறது! கிளவுட்ஃபிரன்ட் பெயர் போய் பக்கெட்டின் பெயரும் மும்பை ரீஜன் பெயருமாக எஸ்3 முகவரி வந்து நிற்கிறது. கர்லில் வந்தது இது:

எச்டிடிபி/2 307
லொக்கேஷன்: பக்கெட் பெயர், எஸ்3, ஏபி-சவுத்-1 கொண்ட முகவரி
சர்வர்: அமேசான்எஸ்3
எக்ஸ்-கேச்: மிஸ் ஃப்ரம் கிளவுட்ஃபிரன்ட்
எக்ஸ்-ஏஎம்இசட்-சிஎஃப்-பாப்: எஃப்ஆர்ஏ என்று தொடங்கும் ஒரு கோடு

பதில் 2:

இதுதான். டிஸ்ட்ரிபியூஷனின் ஒரிஜின் பிளாக்கில் டொமைன்_நேமுக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பக்கெட்_டொமைன்_நேம் என்ற ஆட்ரிப்யூட்டாக இருக்கும். அதைப் பக்கெட்_ரீஜனல்_டொமைன்_நேம் என்று மாற்றுங்கள். அந்த ஒரு சொல்தான் வித்தியாசம்.

நடப்பது இப்படி. முதல் ஆட்ரிப்யூட் தருவது ரீஜன் பெயரே இல்லாத பொது எஸ்3 முகவரி. புதிதாக உருவாக்கிய பக்கெட் எந்த ரீஜனில் இருக்கிறது என்ற செய்தி டிஎன்எஸ்ஸில் முழுதாகப் பரவ 24 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை அந்தப் பொது முகவரிக்குப் போகிற கேள்வி அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவுக்குப் போகும், அங்கிருந்து "அந்தப் பக்கெட் மும்பையில் இருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்று 307 வரும். கிளவுட்ஃபிரன்ட் அந்த ரீடைரக்டைத் தானே பின்தொடராது, அப்படியே பிரவுசரிடம் கொடுத்துவிடும். பிரவுசர் நேராகப் பக்கெட்டின் கதவைத் தட்டும், அதன் கையில் ஒஏசியின் கையெழுத்து இல்லை, எஸ்3 403 (அனுமதி இல்லை) சொல்லும். உங்கள் பாலிசி அதன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஸ்டேஜிங் ஓடுவதற்கும் இதுதான் காரணம். அந்தப் பக்கெட் பழசு, பெயர் எப்போதோ பரவிவிட்டது. இதையும் நாளை வரைக்கும் தொடாமல் விட்டால் தானாகவே சரியாகியிருக்கும். ஆனால் எப்போதெல்லாம் டிஸ்ட்ராய் செய்து திரும்ப எழுப்புகிறீர்களோ அப்போதெல்லாம் திரும்ப வரும், அதனால் கோடிலேயே திருத்திவிடுங்கள்.

அப்ளை முடிந்ததும் /* என்று ஒரு இன்வேலிடேஷன் கொடுத்துவிடுங்கள், எங்காவது ரீடைரக்ட் கேச்சில் தங்கியிருந்தால் போய்விடும். மாதத்துக்கு முதல் 1000 பாதைகள் இலவசம், /* ஒரு பாதையாகத்தான் கணக்கு.

பதில் 3:

307 இருக்கட்டும், அந்தக் கடைசி ஹெட்டரை யாரும் பார்க்கவில்லையா? சிஎஃப்-பாப்பில் வருவது விமான நிலையக் குறி. எஃப்ஆர்ஏ என்றால் ஃபிராங்க்ஃபர்ட். நீங்கள் தமிழ்நாட்டில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்றால், சென்னையிலும் மும்பையிலும் எட்ஜ் (கிளவுட்ஃபிரன்டின் அருகிலுள்ள சர்வர்) இருக்கும்போது ஜெர்மனி எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

மாட்யூலில் பிரைஸ்_கிளாஸ் (எந்தெந்தப் பகுதி எட்ஜுகள் பயன்படும் என்ற செட்டிங்) என்று தேடுங்கள், பிரைஸ்கிளாஸ்_100 என்று இருக்கும் என்பது என் ஊகம். அது மலிவு என்று வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளில் அதையே போட்டுவைப்பார்கள். வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பார்வையாளர் இருந்தால் சரி, இந்திய எட்ஜுகள் அதில் சேராது. 200 போடுங்கள், இந்தியா அதில் வந்துவிடும். இதில் எரர் எதுவும் வராது, பக்கம் மெதுவாக மட்டும் வரும், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கிராமத்தில் ஒரு பாரில் சிக்னல் வைத்துக்கொண்டு பிடிஎஃப் இறக்கும் பிள்ளைக்கு அந்தத் தூரம் நிச்சயமாகத் தெரியும்.

கேட்டவர்:

இரண்டுமே அப்படியேதான் இருந்தன. மாற்றி அப்ளை கொடுத்தேன், டிஸ்ட்ரிபியூஷனை அழித்துத் திரும்பக் கட்டாமல் இருந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டது. இப்போது முகப்புப் பக்கம் 200, பாப் குறி எம்ஏஏ, அதாவது சென்னை! இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் உள்ளே போனால் மறுபடி 403. கணிதம் என்ற ஃபோல்டரைத் திறந்தால் ஆக்ஸஸ் டினைடு, அதே முகவரியின் கடைசியில் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் சேர்த்தால் திறக்கிறது. இந்த முறை முகவரி மாறவில்லை. டிஃபால்ட்_ரூட்_ஆப்ஜெக்ட் (முகவரியில் ஃபைல் பெயர் இல்லாவிட்டால் எதைக் காட்டுவது என்ற செட்டிங்) கொடுத்திருக்கிறேனே?

பதில் 2:

அது பெயரில் சொல்கிறபடி ரூட்டுக்கு மட்டும்தான். உள் ஃபோல்டர்களுக்குப் பொருந்தாது. ஒரு கிளவுட்ஃபிரன்ட் ஃபங்ஷன் எழுதி, டிஃபால்ட் கேச் பிஹேவியரில் வியூவர்-ரிக்வெஸ்ட்டில் இணையுங்கள். முகவரி சாய்கோட்டில் முடிந்தால் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் சேர்க்க வேண்டும். சாய்கோடும் இல்லை, கடைசித் துண்டில் புள்ளியும் இல்லை என்றால், சாய்கோடு சேர்த்த முகவரிக்கு 301 (நிரந்தர ரீடைரக்ட்) கொடுங்கள். உள்ளுக்குள் மாற்றி அனுப்பினால் பக்கத்தில் இருக்கும் ரிலேட்டிவ் லிங்குகள் உடையும். ரிசோர்சில் பப்ளிஷ் ட்ரூ என்று இருக்கட்டும். ஃபங்ஷனே வேண்டாம் என்றால் ஹ்யூகோவில் அக்லியுஆர்எல்ஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, கணிதம்.எச்டிஎம்எல் என்று தனி ஃபைலாகவே பில்ட் செய்யும்.

இல்லாத ஃபைலைக் கேட்டாலும் உங்களுக்கு 404 வராது, 403தான் வரும். லிஸ்ட்பக்கெட் (ஃபைல் பட்டியலைப் பார்க்கும்) அனுமதி இல்லாதவரிடம், அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்பதைக்கூட எஸ்3 சொல்லாது. லிஸ்ட்பக்கெட்டைப் பாலிசியில் சேர்த்தால் 404 வரும், ஆனால் அதற்கு ரிசோர்ஸ் பக்கெட்டின் ஏஆர்என், கடைசியில் சாய்கோடும் நட்சத்திரமும் கூடாது. அப்படிச் சேர்த்த பிறகு டிஃபால்ட்_ரூட்_ஆப்ஜெக்டை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் ரூட்டைத் திறப்பவருக்கு உங்கள் ஃபைல் பட்டியலே தெரியும்.

பதில் 3:

சொந்த டொமைன் இணைக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன், பக்கெட் மும்பையில் இருந்தாலும் கிளவுட்ஃபிரன்டுக்கான ஏசிஎம் (அமேசானின் சான்றிதழ் சேவை) எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வடக்கு வர்ஜீனியாவில், யுஎஸ்-ஈஸ்ட்-1 ரீஜனில்தான் இருக்க வேண்டும். ஏலியாஸ் (மாற்றுப் பெயர்) போட்டு இரண்டாவது புரொவைடர் (டெராஃபார்மை அமேசானோடு இணைக்கும் பகுதி) எழுதிச் சான்றிதழ் ரிசோர்சில் அதைக் காட்டுங்கள். ஏடபிள்யூஎஸ் புரொவைடர் 6ஆம் பதிப்பு என்றால் ரிசோர்சிலேயே ரீஜன் என்று ஒரு வரி போதும்.

கேட்டவர்:

ஃபங்ஷன் போட்டாச்சு, கணிதம் திறக்கிறது, சாய்கோடு இல்லாமல் கொடுத்தாலும் சரியாகப் போகிறது. லிஸ்ட்பக்கெட்டும் சேர்த்து 404க்குத் தனிப் பக்கம் வைத்துவிட்டேன். புரொவைடர் 5ஆம் பதிப்பில் இருக்கிறது, அதனால் ஏலியாஸ் வழிதான். மாட்யூலில் ஒரிஜின் வரியையும் பிரைஸ் கிளாஸையும் திருத்தி ஸ்டேஜிங்குக்கும் அதையே அனுப்பிவிட்டேன். இந்த இழையைத் தீர்ந்தது என்று குறிக்கிறேன்.