ஜூலையில் நமிப் பாலைவனம், மாணவர் களப்பயிற்சி: தண்ணீர், செருப்பு, கூடாரம்?

கரிசல்மண்:
சூழலியல் முதுகலை மாணவர்கள் 12 பேர் ஜூலையில் 10 நாள் நமீபியா போகிறோம். தங்குவது கோபாபெப் ஆய்வு நிலையத்தில். காலையில் மணல்மேட்டில் வண்டுக் கணக்கெடுப்பு, ஒரு ராத்திரி மட்டும் வெளியே கூடாரம். ஆளுக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும்? பட்டை வைத்த செருப்பு போதுமா? குவிசெப் ஆற்றுப்படுகையில் நல்ல மரநிழல் உண்டு என்கிறார்கள், கூடாரத்தை அங்கே போடலாமா?

மணல்மேடு:
ஜூலை அங்கே குளிர்காலம். சில நாள் விடியுமுன் கடல்பக்கமிருந்து மூடுபனி வந்து கூடாரத் துணியை நனைத்துவிடும். கம்பளிக் குல்லா, காற்றுப் புகாத மேல்சட்டை கட்டாயம். அதே மாதத்தில் கிழக்குக் காற்று அடித்தால் பகல் 30 டிகிரியைத் தாண்டும். ஆகவே ஒரே தடித்த உடையை விட, கழற்றி மாட்டும்படி மூன்று மெல்லிய உடைகள்தான் சரி.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், வண்டியில் அதே அளவு இருப்பு. வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாததால் உடம்பு நீர் இழப்பதே தெரியாது; சிறுநீர் மஞ்சள் தடிக்கிறதா என்று பாருங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலை சுற்றும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துப் போங்கள்.

செருப்பு வேண்டாம். பெரிங்கே விரியன் ஒரு சாண் நீளம்தான், கண் மட்டும் வெளியே தெரிய மணலுக்குள் புதைந்து கிடக்கும். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், காலையில் தேளுக்காக உதறிவிட்டு.

படுகையில் தங்காதீர்கள், வெள்ளம் வரும்.

வேம்பு_நிழல்:
மேலே சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். கிழக்கு மலைநாட்டில் மழை பெய்தால்தான் குவிசெப் ஓடும், அது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜூலையில் பயப்பட வேண்டியது அந்த நிழலுக்குத்தான். ஒட்டகமுள் மரத்தடி மணலில் மணல் உண்ணிகள் புதைந்திருக்கும். யாராவது வந்து உட்கார்ந்தால், மூச்சில் வரும் கரியமில வாயுவை உணர்ந்து மேலே ஏறிவந்து கடிக்கும். உதிர்ந்த முள் கூடாரத்தின் அடித்துணியையும் கிழிக்கும். மரத்தை விட்டு விலகி, திறந்த தரையில் போடுங்கள்.

கரிசல்மண்:
நன்றிங்க. வண்டு விழுந்து சிக்கும்படி மணலில் கோப்பை புதைக்கும் குழிப்பொறி வைக்கப் போகிறோம். அதில் என்ன கவனிக்கணும்?

வேம்பு_நிழல்:
500 மி.லி. பிளாஸ்டிக் கோப்பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் புதையுங்கள். வெளிக்கோப்பை மணலிலேயே நிற்கும், உள்கோப்பையை மட்டும் தூக்கி எண்ணலாம். ஒற்றைக் கோப்பையாக இருந்தால் தூக்கும்போதெல்லாம் குழி சரிந்துவிடும். விளிம்பு மணலோடு மட்டமாக இருக்கணும், சற்றே துருத்தினாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். மேட்டின் சரிவு முகத்தில் வைத்தால் ஒரே காற்றில் நிரம்பிவிடும். அடிவாரத்தில், காய்ந்த புல் சேரும் இடத்தில் வையுங்கள்.

பார்ப்பது விடிந்தவுடன். வெயில் ஏறியபின் பார்த்தால் உள்ளே இருப்பவை வெந்து செத்திருக்கும். கணக்கெடுப்பு இல்லாத நாளில் கோப்பைக்கு மூடி போட்டே ஆகணும், ராத்திரியில் விழும் பல்லிக்கும் அது குழிதான்.

மூடுபனி இறங்கிய காலையில் முகட்டை மிதிக்காமல் கீழிருந்தே பாருங்கள். ஒனிமாக்ரிஸ் உங்குவிகுலாரிஸ் என்ற கருவண்டு காற்றை நோக்கித் தலையைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனி துளியாகி வாய்க்கு வழியும். காலடியில் முகடு சரிந்தால் அது மணலுக்குள் இறங்கிவிடும்.

மணல்மேடு:
உண்ணி விஷயம் சரிதான், திருத்தியதற்கு நன்றி. இன்னொன்று: ஆற்றுக்கு வடக்கே சரளைச் சமவெளியில் வண்டியைப் பழைய தடத்தை விட்டு இறக்கவே கூடாது. கல்லில் ஒட்டிய லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்) நசுங்கினால் டயர் தடம் பல பத்தாண்டுக்கு அழியாது.