பொலிஸ் ட்ரோனும் பெரிய கிளாக்கரின் 400 அடியும்

மலைக்குருவி:
நம்ம இலங்கை மலைத் தோட்டத்துக் கசிப்பு (கள்ளச்சாராயம்) ரெய்டு பத்தின பதிவுக்குக் கீழ பெரிய கிளாக்கர் ஐயா நேத்து ராத்திரி எழுதினத அப்படியே போடுறேன்: “பொலிஸ் ட்ரோன் 400 அடியில பறந்தா எவனும் கேள்வி கேக்க முடியாது. உலகம் பூரா இதான் சட்டம்.” வாசிச்சதுல இருந்து வயிறு எரியுது. எந்த உலகத்துச் சட்டம் ஐயா? போன ஞாயிறு எங்க மேல் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது 400 அடியிலயா நின்னுச்சு? கூரைத் தகரம் காத்துல போகாம இருக்க வச்ச கல்லு எத்தனைன்னு எண்ணிட்டுப் போற உயரம். கோழியெல்லாம் பருந்துன்னு நெனச்சு காம்பராக்குள்ள ஓடி கட்டிலுக்கு அடியில பூந்துருச்சு. வாரன்ட் இல்லாம வீட்டுக்குள்ள வந்து தேடினா கேள்வி கேக்கிறோம்ல, வீட்டுக்கு மேல வந்தா கேக்கக்கூடாதா?

பெரிய கிளாக்கர்:
தம்பி, 31 வருஷம் தோட்டத்து ஆபீஸ்ல செக்ரோல், அதான் ஆள் பேர்க் கணக்கு, எழுதின கை இது. ஏக்கர், ராத்தல், அடி எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆகாயத்துல இருக்கிற சாமான் எப்பவும் கிட்ட நிக்கிற மாதிரித்தான் தெரியும். அது 400 அடி. கோழியைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சாட்சி சொல்ல வைக்கப் போறீங்களா?

கொட்டகலை மதி:
ஐயா, அந்த 400 எங்கருந்து வந்துச்சுன்னு நான் சொல்றேன். அமெரிக்கா, புளோரிடா எதிர் ரைலி வழக்கு, 1989. ஒருத்தர் வீட்டுக்குப் பின்னால பசுமைக்குடில்ல கஞ்சா வளர்த்தாரு. கூரையில ரெண்டு தகடு இல்ல. பொலிஸ் ஹெலிகொப்டர்ல 400 அடியில சுத்தி அந்த ஓட்டை வழியா பாத்தாங்க. வாரன்ட் தேவையில்லன்னு தீர்ப்பு. அது ஹெலிகொப்டர் ஐயா. பிறகு அதே புளோரிடா 2013-ல சட்டம் போட்டு, பொலிஸ் ட்ரோன் விட்டு சாட்சி தேடணும்னா பொதுவா வாரன்ட் வேணும்னு சொல்லிருச்சு. அமெரிக்காவுல ட்ரோனுக்குன்னு ஒரு 400 அடி இருக்குதான். ஆனா அது இதுக்கு மேல ஏறாதேங்கிற கணக்கு.

பெரிய கிளாக்கர்:
பாத்தீங்களா, தங்கச்சியே 400ன்னு ஒத்துக்கிட்டுது.

கொட்டகலை மதி:
நான் எதையும் ஒத்துக்கல!

மஸ்கெலியா மச்சான்:
சட்டம் படிச்சவங்க எல்லாரும் ஒரு நாள் எங்க லயத்துக்கு வாங்க. கசிப்பு குடிச்சுக் குடிச்சே என் அக்கா புருஷன் போயிட்டாரு, மூணு புள்ளைங்க. ஓடைக்கரையில கோடா (கசிப்பு காய்ச்சுற ஊறல்) பீப்பா பொதைச்சு வச்சிருக்கிறது ஊருக்கே தெரியும். ஜீப்பு வளைவுல திரும்புறப்பவே இங்க விசில் வந்துரும், பொலிஸ் வந்து பாத்தா வெறும் அடுப்புக்கல்லு. விசிலுக்கு முந்திப் போற ஒரே சாமான் ட்ரோன்தான். அது 4 அடியில பறந்தாலும் எனக்குச் சந்தோசம்.

மலைக்குருவி:
மச்சான், கோடா இருக்கிறது ஓடைக்கரையில. ட்ரோன் நின்னது எங்க இஸ்தோப்பு வாசத் திண்ணைக்கு நேரா. அதுக்கு வழி தெரியலையா?

லாச்சப்பல் லயத்தான்:
பாரிசுல இருந்து எழுதுறேன். இங்க 2020 லொக்டவுன்ல பொலிஸ் ட்ரோன் விட்டு ஆக்களைக் கண்காணிச்சது. ரெண்டு உரிமை அமைப்புகள் வழக்குப் போட, மே 18 அன்னைக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் நிப்பாட்டச் சொல்லிருச்சு. பொலிசும் “80, 100 மீட்டர் உயரத்துலதான் பறக்கிறோம், ஸூம் பண்றதில்ல”ன்னு உயரக் கணக்குத்தான் சொன்னாங்க. அந்த மெசினுக்கு ஸூம் இருக்கே, இன்னும் கீழ எறங்கவும் முடியுமேன்னு கோர்ட் கேட்டுச்சு. கிளாக்கர் ஐயா அன்னைக்கு இங்க இருந்திருந்தா அவர் மூஞ்சியப் பாத்திருக்கணும்.

பெரிய கிளாக்கர்:
100 மீட்டர்னா 328 அடி. 400 இல்ல. அதான் தோத்தானுங்க. நான் சொன்னத நீங்களே நிரூபிச்சிட்டீங்க, நன்றி. கணக்குன்னதும் ஞாபகம் வருது, போன வருஷம் மாரியம்மன் தேருக்கு அனுப்புறேன்னு சொன்ன காசு என்னாச்சு?

லாச்சப்பல் லயத்தான்:
அனுப்பியாச்சு. ரசீது கேட்டு மூணு தடவ மெசேஜ் போட்டாச்சு. பொருளாளர் யாருன்னு ஊருக்கே தெரியும்.

பெரிய கிளாக்கர்:
என் நாணயத்தைப் பத்திப் பேச வேணாம். தேர் ஓடுச்சா இல்லையா?

மஸ்கெலியா மச்சான்:
ஓடுச்சு, ஒரு பக்கம் சக்கரம் இல்லாம.

கொட்டகலை மதி:
தயவு செய்து தேரை விடுங்க. நம்ம நாட்டுக் கதைய யாரும் பேசலையே. இங்க பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865-ல வந்தது, 16-ம் இலக்கம். அப்ப மலையில கோப்பிதான், தேயிலைத் தோட்டமே இல்ல. அதுல ட்ரோனை எங்க தேடுறது? அரசியலமைப்புல அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துல அந்தரங்க உரிமைன்னு தனியா ஒரு உறுப்புரை கிடையாது. 2015-ல வந்த 14அ, அதான் தகவல் அறியும் உரிமை உறுப்புரையில, தகவல் தராம இருக்க ஒரு காரணமாத்தான் அந்தச் சொல்லு வருது. 2022-ம் ஆண்டு 9-ம் இலக்கத் தனிநபர் தரவுச் சட்டத்துலயும் குற்ற விசாரணை, பொது ஒழுங்குன்னு விலக்கு வச்சிருக்கு. வீடியோவைச் சாட்சியா கொடுக்க 1995-ம் ஆண்டு சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் கதவைத் தொறந்தே வச்சிருக்கு. சட்டவிரோதமா எடுத்த சாட்சியா இருந்தாலும் வழக்குக்குச் சம்பந்தம் இருந்தா ஏத்துக்கலாம்னு 1955 குருமா வழக்குல, அந்தக் காலத்துல நமக்கும் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வேற சொல்லிருக்கு. சும்மா 400, 400ன்னு கத்துறதுக்குப் பதிலா இதப் பேசலாம்ல? அடிப்படை உரிமை மீறல்னு உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) போறதுன்னா 126-ம் உறுப்புரைப்படி ஒரு மாசம்தான் டைம். போன ஞாயிறுல இருந்து நாள் ஓடிட்டு இருக்கு.

பெரிய கிளாக்கர்:
புள்ள நல்லா படிச்சிருக்கு, சந்தோசம். ஆனா சிக்காகோ உடன்படிக்கை 1944, 3-ம் உறுப்புரை வாசிச்சீங்களா? இராணுவம், சுங்கம், பொலிஸ் பாவிக்கிற வானூர்தி அரச வானூர்தி. சிவில் விமானத்துக்கான விதி அதுக்குப் பொருந்தாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு கல்யாண வீடியோக்காரனோட ட்ரோனைக்கூடத் தடை பண்ணினாங்க. 2021 பயணக் கட்டுப்பாட்டுல பொலிசும் விமானப்படையும் ட்ரோன் விட்டுக் கொழும்புல ஆள் புடிச்சாங்க. யாராச்சும் கேட்டாங்களா? ஏன் கேக்கல? 400 அடி.

மலைக்குருவி:
ஐயா அந்த உடன்படிக்கை நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல உள்ளது. எங்க கோழிக்கூட்டுக்கும் பொலிசுக்கும் நடுவுல இல்ல.

சரி, ஒரே ஒரு கேள்வி. 400 அடி எங்கருந்து? கீழ இருக்கிற ஸ்டோர் (தேயிலை பெக்டரி) வாசல்ல இருந்து அளந்தா, நாலு கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற எங்க மேல் லயத்துக்கு நேரா முகத்துக்கு முகம் நிக்கும். இது மலை ஐயா, கொழும்பு காலிமுகத் திடல் இல்ல.

பெரிய கிளாக்கர்:
ஸ்டோர்ல இருந்துதான் அளக்கணும். தோட்டத்துல எல்லாமே ஸ்டோர்ல இருந்துதான்.

கொட்டகலை மதி:
எந்தச் சட்டத்துலயும் அப்படி இல்ல. அமெரிக்க விதியிலகூட அதுக்கு நேர் கீழ உள்ள தரையில இருந்துதான்.

பெரிய கிளாக்கர்:
அது அமெரிக்கா.

கொட்டகலை மதி:
400 மட்டும் எங்கருந்து வந்துச்சாம்?

மஸ்கெலியா மச்சான்:
எல்லாத்துக்கும் முந்தி, லயம் யாருடையது? 1992-ல தோட்டத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தாச்சு. நிலம் அரசாங்கத்துது, சுவர் கம்பெனியுது, நமக்குச் சொந்தம் உள்ள இருக்கிற சட்டி பானை. “என் வீட்டுக்கு மேல”ன்னு சொல்ல முந்தி வீடு வேணும்ல?

மலைக்குருவி:
வாடகை வீட்டுக்காரன் கதவைத் தட்டாம உள்ள வர முடியாதுல்ல மச்சான்? நாலு தலைமுறையா இருக்கிற காம்பராவுக்கு அந்த மரியாதைகூட இல்லையா? இந்தப் பேச்சுதான் நம்மள வீடு கட்ட 7 பேர்ச் நிலத்துக்காக இத்தன வருஷம் வரிசையில நிக்க வச்சிருக்கு.

மஸ்கெலியா மச்சான்:
என்னைப் பாத்தா சொல்ற? உன் மாமா தலைவரா இருந்தப்ப 7 பேர்ச் யாருக்குப் போச்சுன்னு எழுதவா?

மலைக்குருவி:
எழுது. நானும் உன் விசில்காரன் யாருன்னு எழுதுறேன்.

பீலிக்கரை:
நான் இங்க எழுதுற ஆள் இல்ல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, துணி தோய்க்கிற நாள். தண்ணி விழுற பீலியில அஞ்சாறு பேர் ஈரத் துணியோட நிக்கிறோம். தேனீ மாதிரி சத்தம் கேட்டு நிமிந்து பாத்தா அது நிக்குது, அசையவே இல்ல. மாமியா பதறி வாளியப் போட்டுட்டு பாசியில வழுக்கி விழுந்து, இன்னும் முழங்காலுக்கு எண்ணெய் தடவிட்டு இருக்காங்க. கசிப்பு புடிக்க வேணாம்னு நான் சொல்லல, என் வீட்டுக்காரரும் குடிக்கிறவருதான். அந்தப் படம் இப்ப யார்கிட்ட இருக்கு, எப்ப அழிப்பாங்க? மறுநாள் ஸ்டேசன்ல போய் கேட்டேன், அப்படி ஒண்ணும் நம்மகிட்ட இல்லன்னு சிரிச்சாங்க. அது மட்டும் யாராச்சும் சொல்லுங்க.

லாச்சப்பல் லயத்தான்:
தங்கச்சி, எந்த ஸ்டேசன்னு இங்க போடாதீங்க. சட்டத்தரணி ஒருத்தரைப் பாருங்க. மதி, உள்பெட்டிக்கு வாங்க. அது கிடக்கட்டும், கிளாக்கர் ஐயா, ரசீது?

பெரிய கிளாக்கர்:
ரசீது கோயில் அலுமாரியில இருக்கு, சாவி பூசாரிகிட்ட. அம்மா பீலிக்கரை, நீங்க சொல்றது மேல் பீலியா, கீழ்ப் பீலியா? கீழ்ப் பீலின்னா 400 கணக்கு சரியா வருது.